மணல்பூச்சிகளுக்குத் தண்ணீர்

நான் கல்யாணமாகி உடுப்பிட்டி வீட்டுக்குப் போன பிறகு ஒரு வருடத்துக்கு மேல் என் மாமி என்னுடன் நேரே கதைக்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதைக் காற்றிடம் சொல்வார். குசினிச் சுவரைப் பார்த்து, "சோறு மூடிக் கிடக்கு" என்பார். முற்றத்து வாழையிடம், "கிணத்தடி வழுக்குது" என்பார். சுவருக்கும் வாழைக்கும் பதிலாக நான் "ஓம் மாமி" என்பேன். அப்படியே நாள் போகும்.

நான் கடற்கரைப் பெண். அப்பாவும் அண்ணையும் கடலுக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டிலிருந்து உடுப்பிட்டிக்கு பஸ்ஸில் இருபது நிமிடம்கூட இல்லை. ஆனால் வெங்காயமும் புகையிலையும் செய்யும் அந்தக் குடும்பத்துக்குக் கடற்கரையிலிருந்து ஒருத்தி மருமகளாகப் போனது அதுதான் முதல் தடவை. என் கணவர் ஒரே பிள்ளை, தகப்பன் இல்லாதவர். அவர் விரும்பினார், நானும் விரும்பினேன். மாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. கணவருக்கு வவுனியாவில் வேலை. வெள்ளி பின்னேரம் வந்து ஞாயிறு பின்னேரம் போய்விடுவார். மற்ற நாட்களில் அந்தப் பெரிய வீட்டில் நானும் மாமியும் மட்டும் இரண்டு மெல்லிய நிழல்கள்போல ஒன்றை ஒன்று முட்டாமல் நடந்துகொண்டிருந்தோம்.

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எங்கள் வடகடலில், முருகைக்கல் பார் என்ற பவளத் திட்டுக்கு உள்பக்கம், முழங்காலளவு தண்ணீரில் சாதாளை என்ற கடற்புல் வளரும். அந்தச் சாதாளையின் இலைகளில் தேன் நிறத்தில் சில மணல்கள் ஒட்டியிருக்கும். ஒரு பயறின் கால்வாசிகூட வராது. உதறினாலும் இலகுவில் விழாது. அதில் ஒன்றைக் கடல் நீரோடு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பேசாமல் இருந்தால், கொஞ்ச நேரத்தில் மணலின் ஓரத்திலிருந்து நூல் நூலாக ஏதோ வெளியே வரும். சிலந்தி நூலிலும் மெல்லியது. அந்த நூல்களுக்குள் துகள்கள் போவதும் வருவதுமாக இருக்கும். பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது. அது மணல் அல்ல, ஓர் உயிர். அதுவும் ஒரே ஒரு கலம், ஒற்றை உயிரணு. கண்ணும் வாயும் இல்லாத அந்தக் கலம் தனக்குச் சுண்ணாம்பில் வீடு கட்டி, வளர வளர அறை அறையாகச் சுருட்டிக் கூட்டிக்கொண்டே போகும்.

இவை ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதுதான் என் ஆய்வு. முன்பிருந்தவர்கள் ஓட்டைப் பார்த்து இனம் பிரித்தார்கள். வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் ஓடு ஏமாற்றும். ஒரே மாதிரித் தண்ணீரும் ஒரே மாதிரி வெளிச்சமும் கிடைத்தால் தூரத்து உறவுகளும் ஒரே மாதிரி வீடு கட்டும். அதனால் உள்ளே இருக்கும் பரம்பரையலகை, டி.என்.ஏ.யை, வாசிக்க வேண்டும். நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட நீண்ட வரி அது. தாயிலிருந்து பிள்ளைக்குப் பிரதியாகும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறும். இரண்டு உயிர்களின் வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனை எழுத்து வேறுபடுகிறது என்று பார்த்தால், அவை பிரிந்து எவ்வளவு காலம் என்று ஓரளவுக்குச் சொல்லலாம். கூர்ப்பு என்ற பரிணாமத்தின் பாதை அந்த மாறிய எழுத்துகளில்தான் இருக்கிறது.

சொல்ல இலகு. ஒரு கலத்தை எடுத்தால் அதை நசுக்கித்தான் டி.என்.ஏ. எடுக்க வேண்டும். ஓர் உயிர், ஒரு முயற்சி. நான் நசுக்கிய முதல் ஏழு கலங்களில் நான்கில் ஒன்றுமே வரவில்லை. மற்ற மூன்றில் எழுத்துகள் வந்தன. மகிழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவை என் உயிருடைய எழுத்துகளே அல்ல. இந்த ஓடுகளுக்குள் பொன்னிறமான சிறிய அல்காக்கள், ஒருவகைப் பாசிகள், குடியிருக்கும். வெளிச்சத்தில் உணவு செய்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கும். தேன் நிறம் அவர்களுடையதுதான். நான் வீட்டுக்காரரைக் கூப்பிட, குடியிருந்தவர் வந்து பதில் சொல்லியிருக்கிறார்.

அதற்கிடையில் கம்பஸ் ஆய்வுகூடத்தில் ஒரு சனி ஞாயிறு கறண்ட் நின்று, அங்கே வைத்திருந்தவை எல்லாம் வெப்பத்தில் இறந்துவிட்டன. திங்கட்கிழமை போய்ப் பார்த்தபோது ஓடுகள் வெளிறிக் கிடந்தன. அண்ணை மறுபடி சாதாளை அள்ளித் தந்தார். இந்தமுறை பதினொரு கண்ணாடிக் கிண்ணங்களையும் ஒரு சிறிய நுணுக்குக்காட்டியையும் உடுப்பிட்டி வீட்டுக்கே கொண்டுபோனேன். வீட்டில் வடக்குப் பார்த்த ஓர் அறையின் யன்னலில் வெயில் நேரே விழாது. வேப்ப மரத்தால் வடிந்து வரும் பச்சை வெளிச்சம் மட்டும் இருக்கும். அது சாதாளைக்கு அடியில் இருக்கும் வெளிச்சம்போலவே எனக்குப் பட்டது. கிண்ணங்களை அங்கே வரிசையாக வைத்தேன். ஒரு கிண்ணத்துக்கு இரண்டு மூன்றாக, மொத்தம் முப்பது உயிர்கள் வரையில் இருந்தன.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் ஒவ்வொரு கிண்ணத்திலும் பாதித் தண்ணீரை எடுத்து, புதுக் கடல் நீர் விடுவேன். அந்த நேரத்தில் மாமி வாசலில் வந்து நிற்பார். கையில் சுளகோ தேங்காய்ப் பாதியோ இருக்கும். என்னைப் பார்க்கமாட்டார். கிண்ணங்களைப் பார்ப்பார். ஒரு நாள் நிலைக்கதவைப் பார்த்துக் கேட்டார்.

"உந்த மணல்பூச்சியளுக்குச் சாப்பாடு ஒண்டும் இல்லையோ?"

"வெளிச்சம்தான் மாமி சாப்பாடு" என்றேன். "தண்ணி மட்டும் மாத்தோணும். மழைத்தண்ணி கலந்திட்டால் கூடாது, உப்புக் குறைஞ்சு செத்துப்போகும்."

நிலைக்கதவிடம் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மணல்பூச்சி என்ற பெயர் மட்டும் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது.

கார்த்திகை மழை தொடங்கி இரண்டாம் கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எழும்ப முடியவில்லை. கணவர் லீவு போட்டு வந்து என்னை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். டெங்கு என்றார்கள். வாட்டிலேயே தங்கும்படி மறித்துவிட்டார்கள்.

அந்த நாட்கள் எனக்கு வரிசையாக நினைவில்லை. கொசு வலைக்குள் படுத்திருப்பேன். வெளியே மழை பெய்யும். வலை மெதுவாக அசையும்போது நான் தண்ணீருக்கு அடியில் இருக்கிறேன் என்று தோன்றும். என் கை விரல்களிலிருந்து நூல்கள் நீண்டு வாட்டின் சுவரைத் தொட்டுத் திரும்பி வரும். அவற்றுக்குள் நான்கு எழுத்துகளும் எறும்புகள்போல ஓடும். என் உடம்பு அறை அறையாகப் பெருத்துக்கொண்டு போவதாகவும், ஒவ்வோர் அறையிலும் யாரோ குடியிருப்பதாகவும், அவர்கள் தாழ்ந்த குரலில் கதைப்பதாகவும் இருக்கும். பயமாக இருக்கவில்லை. மிகவும் அமைதியாக இருந்தது. ஒருமுறை கண் விழித்தபோது கணவர் பக்கத்தில் இருந்தார்.

"தண்ணி மாத்தினதோ?" என்று கேட்டேன்.

அவர் எனக்குத் தாகம் என்று நினைத்து இளநீர் தந்தார். குடித்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டேன்.

ஒன்பதாம் நாள் என்னை விட்டார்கள். காய்ச்சல் போன பிறகுதான் கிண்ணங்களின் நினைவு தெளிவாக வந்தது. கணவரிடம் கேட்டேன். அவர் முகத்திலிருந்தே தெரிந்தது, அவருக்கு அது நினைவிலேயே இல்லை. இரவும் பகலும் எனக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொல்வது? ஆட்டோவில் வரும் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வீதியின் இரண்டு பக்கமும் தோட்டங்களில் வெள்ளம் நின்றது. முப்பது உயிர்களும் போயிருக்கும், மாரி முடியும்வரை அண்ணையால் சாதாளை அள்ள முடியாது, ஆய்வு ஒரு வருடம் பின்னால் போகும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மாமி படலையைத் திறந்துவிட்டு நின்றார். நான் இறங்கியதும் என் முகத்தைப் பார்த்தார். நேரே.

"பிள்ளை, ஒண்டு செத்துப்போச்சு" என்றார். "மற்றதெல்லாம் இருக்கு. என்னிலை கோவிக்காதை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. கணவர் பிடித்துக்கொள்ள, அந்த அறைக்குப் போனேன். யன்னலில் பதினொரு கிண்ணங்களும் இருந்தன. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. ஒரு பக்கம், என் துளிசொட்டி கழுவித் துணியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேசைக்குக் கீழே அண்ணையின் நீல நிறத் தண்ணீர்க் கான் ஒன்று நின்றது.

நடந்ததைப் பிறகு அண்ணைதான் எனக்குச் சொன்னார்.

நான் ஆசுபத்திரிக்குப் போன மறுநாள் காலை மாமி தானாகவே தண்ணீரை மாற்றியிருக்கிறார். எத்தனை மாதம் வாசலில் நின்று பார்த்தவர். எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் வைத்திருந்த கடல் நீர் ஐந்தாம் நாளோடு முடிந்துபோனது. கலண்டரின் ஓரத்தில் என் கணவர் அவசரத்துக்கு என்று அண்ணையின் தொலைபேசி இலக்கத்தை எழுதியிருந்தார். மாமி அந்த இலக்கத்துக்கு எடுத்திருக்கிறார். அதுவரை அண்ணையுடன் அவர் ஒரு சொல் கதைத்ததில்லை.

"நான் உடுப்பிட்டியிலை இருந்து கதைக்கிறன்" என்றாராம்.

"தங்கச்சிக்கு என்ன?" என்று அண்ணை கேட்டார்.

"அவவுக்குச் சுகம். இண்டைக்குக் கஞ்சி குடிச்சவவாம். மணல்பூச்சிக்குத் தண்ணி முடிஞ்சுது. கொண்டுவர ஏலுமோ?"

அண்ணை அன்று பின்னேரமே கரையில் ஒரு கான் அள்ளிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் போனார். மாமி படலையில் நின்று கானைத் திறக்கச் சொல்லி, விரலை உள்ளே விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புக் காணாது. மழைத்தண்ணி கலந்திருக்கு."

"கரையிலை இப்ப உப்பிடித்தான் இருக்கும் அம்மா. பாருக்கு அங்காலை போனால்தான் நல்ல தண்ணி. வாடைக்காத்து அடிக்குது, கடல் சரியில்லை."

"அப்ப வேண்டாம் தம்பி. கடல் சரியில்லாட்டிப் போகாதை. நான் இருக்கிற தண்ணியோடை விடுறன்."

அப்படிச் சொன்னதால்தான் போனேன் என்றார் அண்ணை. போ என்று சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்குமாம். மறுநாள் காலை காற்று கொஞ்சம் அடங்கியபோது வள்ளத்தை இறக்கி, பாரைத் தாண்டிப் போய் நீல நிறக் கானில் தண்ணீர் எடுத்து வந்தார். மாமி மறுபடி விரலை விட்டுச் சுவைத்துப் பார்த்தார். இந்தமுறை தலையை ஆட்டினார். அண்ணை நனைந்திருந்ததைப் பார்த்துத் துவாய் எடுத்துக் கொடுத்து, விறாந்தையில் இருத்திப் பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

"என்ரை தண்ணியைத் திருப்பி அனுப்பின ஒரே ஆள் உன்ரை மாமிதான்" என்று அண்ணை இப்போதும் சொல்வார்.

அன்று இதொன்றும் எனக்குத் தெரியாது. செத்துப்போனது என்று மாமி காட்டிய கிண்ணத்தை யன்னலோடு சேர்த்து வைத்துக் குனிந்து பார்த்தேன். என்னிடம் இருந்தவற்றில் பெரியது அது. தேன் நிறம் முழுவதும் போய், ஓடு வெள்ளையாக, கண்ணாடிபோலக் கிடந்தது. அதைச் சுற்றி மஞ்சள்தூளைக் கிள்ளிப் போட்டதுபோல ஏதோ படிந்திருந்தது.

"உந்தத் தூசையும் எடுப்பமெண்டு பாத்தன்" என்றார் மாமி. "நீ வந்து பாக்கட்டுமெண்டு விட்டிட்டன்."

நுணுக்குக்காட்டியை எடுத்துத் தரும்படி கணவரிடம் சொன்னேன். வில்லைக்குக் கீழே அந்தத் தூசி பிரிந்து தனித்தனியாக நின்றது. ஒவ்வொன்றும் மூன்றே அறைகள் கொண்ட ஒரு சின்னஞ்சிறு வீடு. ஒவ்வொன்றுக்குள்ளும் தேன் நிறம். நூறுக்கு மேல் இருக்கும். சிலவற்றிலிருந்து நூல்கள் வெளியே வந்திருந்தன.

"மாமி, இது சாகேல்லை" என்றேன். "குட்டி போட்டிருக்கு."

மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு வில்லைக்கு மேல் குனிந்தார். நீண்ட நேரம் நிமிரவில்லை.

"அப்ப தாய்?"

"தாயெண்டு தனிய ஒண்டும் மிச்சமில்லை. தன்னை முழுசாப் பிரிச்சுக் குட்டியளாக்கிப்போட்டுது. அந்த வெள்ளை ஓடு, விட்டிட்டுப் போன வீடு."

"ஒண்டும் மிச்சம் வைக்கேல்லையோ?"

"இல்லை மாமி."

அவர் பெருமூச்சு விட்டார். "நீ போய்ப் படு. முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு" என்று சொல்லிக் கஞ்சி எடுக்கப் போனார். நான் கட்டிலில் படுத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கு என்று கணவர் கேட்டார். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இந்த உயிர்கள் இப்படிப் பெருகும் என்று படித்திருக்கிறேன். என் கண்முன்னால் நடக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடைத்திருக்க முடியாது. ஒரே தாயிலிருந்து வந்த குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பரம்பரையலகு. இனி ஒரு கலத்துக்கு ஒரு முயற்சி என்று பயப்பட வேண்டியதில்லை. ஒன்றில் தவறினால் அதே எழுத்துகளை இன்னொன்றில் தேடலாம். குட்டிகள் கொஞ்சம் வளரும்வரை காத்திருந்து, தை பிறந்த பிறகு, கிழமைக்குச் சிலவாக ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். மாமியே அவற்றைச் சின்னப் போத்தல்களில் விட்டுத் தருவார். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை என்பதை அவர் கவனித்தார். என்ன செய்கிறேன் என்று கேட்டார். நசுக்குகிறேன் என்று சொன்னேன். அடுத்த கிழமையும் போத்தலில் விட்டுத் தந்தார். ஆனால் எதை எடுப்பது என்பதை என்னையே காட்டச் சொன்னார்.

குடியிருப்பவரின் எழுத்துகளை விட்டு வீட்டுக்காரரின் எழுத்துகளை மட்டும் பற்றக்கூடிய பிரைமர் எனப்படும் வேறு தொடக்கத் துண்டுகளை என் ஆய்வின் மேற்பார்வையாளர் வரவழைத்துத் தந்தார். அவற்றால் பிரதியெடுக்கும் வெப்ப அளவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பன்னிரண்டாவது குட்டியில் வந்தது. வாசிப்பதற்கு வெளிநாட்டுக்கு அனுப்பினோம். மாசி மாதத்தில் ஒரு முற்பகல் கோப்பு ஒன்று மின்னஞ்சலில் வந்தது. திறந்தால் நான்கு எழுத்துகளும் நான்கு நிற அலைகளாகத் திரை முழுவதும் எழும்பி விழுந்துகொண்டிருந்தன. அன்று நான் வேலை செய்யவில்லை. அந்த அலைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடையில் யாரோ வந்து சாப்பிட்டாச்சா என்று கேட்டதும், நான் பதில் சொன்னதும் கனவில் நடந்ததுபோல இருக்கிறது.

மற்றக் கடல்களிலிருந்து மற்றவர்கள் எடுத்துப் பொதுவில் வைத்திருந்த வரிகளோடு இதைச் சேர்த்துக் கணினியிடம் கொடுத்தேன். இரண்டு நாள் ஓடி ஓர் உறவு மரத்தை வரைந்து தந்தது. ஓட்டைப் பார்த்தால் என்னுடையதன் இரட்டைப்பிள்ளை என்று சொல்லக்கூடிய ஒன்று, எங்கள் தீவின் தெற்குக் கடலிலிருந்து எடுத்தது, மரத்தில் எங்கோ தள்ளி நின்றது. எங்கேயோ தூரக் கடலில் வாழும், ஓடு தட்டையாக வேறு மாதிரி இருக்கும் ஒன்று பக்கத்துக் கொப்பில் வந்து நின்றது. மேற்பார்வையாளர் நம்பவில்லை. திருப்பிச் செய்யச் சொன்னார். இன்னும் மூன்று குட்டிகளில் செய்தேன். மரம் மாறவில்லை.

மரத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமி அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துப் பார்த்தார். கல்யாணப் பேச்சுகளில் நான்கு ஊர்ச் சொந்தத்தையும் நூல் பிடித்துச் சொல்லக்கூடியவர் அவர். கேட்ட கேள்விகளும் அப்படித்தான் இருந்தன.

"எங்கடை ஆள் எது?"

காட்டினேன்.

"இதுவும் இதுவும் எப்ப பிரிஞ்சது?"

"சரியாச் சொல்லேலாது மாமி. எழுத்து மாறுற வேகத்தைக் கணக்குப் பாக்கோணும். அதுக்குக் கல்லிலை இருக்கிற பழைய ஓடுகள் வேணும். கல்லின்ரை வயசு தெரிஞ்சால் மரத்திலை ஒரு இடத்துக்குக் காலம் குறிக்கலாம்."

"என்ன கல்?"

"எங்கடை கிணத்துக் கல்லும் அப்படியான கல்லுத்தான். ஒரு கோடி வருசத்துக்கு மேலை இருக்கும். அப்ப இந்த ஊர் கடலுக்குக் கீழை."

மாமி எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கிணற்றுக்கட்டில் பூச்சு உடைந்த ஓர் இடத்தில் கல் தெரிந்தது. என் கைவில்லையை வாங்கி அதில் வைத்துப் பார்த்தார். வெட்டுமுகத்தில் வட்ட வட்டமாக, ஊசிமுனையால் கீறியதுபோல அடையாளங்கள் இருந்தன. எல்லாமே அந்த ஓடுகள் அல்ல, ஆனால் சில அவைதான். ஐம்பது வருடமாக அந்தக் கல்லில் வாளியை வைத்துத் தண்ணீர் அள்ளியவர், வில்லையை வைத்தபடி அப்படியே குந்தியிருந்தார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார்.

அந்த முதல் வருடத்தைப் பற்றி அவர் ஒருபோதும் விளக்கம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. வெள்ளிக்கிழமை கணவர் வந்தபோது நாங்கள் இருவரும் குசினியில் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

பங்குனியில் கடல் அலை அடங்கிப் படுத்துவிட்டது. சாதாளை எங்கே முளைக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார் மாமி. ஒரு காலை பஸ்ஸில் போனோம். அண்ணை கரையில் காத்திருந்தார். தண்ணீர் வற்றி, பார் வரைக்கும் கண்ணாடி விரித்ததுபோலக் கிடந்தது. வானமும் கடலும் ஒரே வெளிர் நிறம், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை. மாமி செருப்பை என்னிடம் தந்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். முழங்கால்வரை போய் நின்றார். கடலுக்குள் அதுதான் முதல் தடவையாம். இருபது நிமிடத் தூரத்தில் அறுபத்தைந்து வருடம் இருந்திருக்கிறார்.

அண்ணை ஒரு பிடி சாதாளையைப் பறித்து அவரிடம் கொடுத்தார். இலைகளில் தேன் நிறப் புள்ளிகள் மின்னின.

"இஞ்சை எவ்வளவு இருக்கும் தம்பி?"

"ஆருக்கம்மா தெரியும். நான் நடக்கிற இடமெல்லாம் உதுதான். தங்கச்சி சொல்லும்வரைக்கும் மணலெண்டு நினைச்சன்."

மாமி அந்தச் சாதாளையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு குனிந்து, எறியாமல், தண்ணீருக்குள் மெதுவாக வைத்தார். அது அவர் காலைச் சுற்றி ஒருமுறை அசைந்து, நீரோட்டத்தோடு பார்ப் பக்கமாகப் போனது. மாமி திரும்பி வரவில்லை. இன்னும் கொஞ்சத் தூரம் நடக்கலாமா என்று அண்ணையிடம் கேட்டார். அண்ணை ஆழம் பார்த்து முன்னே போனார். நான் செருப்புகளோடு கரையிலே நின்று, இரண்டு பேரும் அந்த வெளிறிய வெளிச்சத்துக்குள் மெதுவாகச் சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.